சும்மா ஓடுறதா, கணக்கு வச்சு ஓடுறதா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியையும் குழு உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"டீச்சர், காலையிலிருந்து கடன், வட்டி, தணிக்கைன்னே பேசியாச்சு. நீங்க உடம்பைப் பத்தி ஏதாவது பேசுங்க"ன்னு தலைவி அம்மா சொன்னாங்க. நான் ஓட்டத்தைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. இங்க உட்கார்ந்திருக்கிற பல பேர் வீட்டுல ஒரு பொண்ணு போலீஸ் வேலைக்குத் தயாராகிட்டு இருக்கு. இன்னும் பல பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை பார்த்துட்டு "தினம் நடங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. ரெண்டு தரப்பும் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான். மனசு போல ஓடினா, நடந்தா போதாதா? வாரத்துக்கு இத்தனை நாள், இத்தனை சுற்று, இன்னைக்கு ஓய்வுன்னு அட்டவணை எதுக்கு?

பொண்ணுங்க விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். அதுல காலக்கெடு இருக்கு.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல, எழுத்துத் தேர்வு முடிஞ்சதும் உடற்தகுதிக்குக் கூப்பிடுவாங்க. பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம், 2 நிமிஷம் 30 விநாடிக்குள்ள முடிக்கணும். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். இதுல தேறினாத்தான் அடுத்த கட்டத்துக்கு, அதாவது நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டத்துக்குப் போக முடியும். வயசு வரம்பு எங்கிருக்குன்னு பலருக்குத் தெரியலை: ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வயசு வரைக்கும் இடம் கொடுத்திருக்காங்க. இது வீட்டுப் பொண்ணுங்க விஷயம் மட்டும் இல்ல, நம்ம குழுவிலேயே இருக்கிற சில பேர் விஷயமும்தான்.

400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துல ஓடுறதுன்னா, 100 மீட்டருக்கு 37 விநாடிக்குக் கொஞ்சம் மேல. கேட்க சுலபமா இருக்கும். வேகமா நடக்கிறதுக்கும் நல்லா ஓடுறதுக்கும் நடுவுல இருக்கிற வேகம் அது. ஆனா காகுப்பம் ஆயுதப்படை மைதானம் மாதிரி இடத்துல, வரிசையில காத்திருந்து, பேரு கூப்பிட்டு, பத்துப் பொண்ணுங்களோட ஒண்ணா நிறுத்தும்போது என்ன நடக்குதுன்னா, விசில் ஊதினதும் பழக்கமில்லாத பொண்ணு பக்கத்துல ஓடுறவளைப் பார்த்துப் பாய்ஞ்சிடும். முதல் 100 மீட்டர் இருபது விநாடி. அடுத்த 100-ல மூச்சு இழுக்கும். மூணாவது 100-ல கால் இரும்பு மாதிரி ஆயிடும். கடைசி 100-ஐ நடந்து முடிக்கும். எழுத்துத் தேர்வுல நல்ல மார்க் வாங்கின பொண்ணு அங்க நின்னு அழும். அந்தப் பொண்ணுக்குத் தெம்பு இல்லாம இல்ல. 37 விநாடி எவ்வளவு வேகம்னு அது கால் கத்துக்கலை, அவ்வளவுதான்.

சும்மா ஓடுறவங்க யாரும் அதைக் கத்துக்க முடியாது. கடிகாரத்தை வச்சு, 100 மீட்டரை 35 விநாடியில ஓடு, 100 மீட்டர் நடந்து திரும்பி வா, மறுபடி ஓடுன்னு ஆறு தடவை, எட்டு தடவை செய்யணும். பிறகு 200 மீட்டரை 70 விநாடியில, நாலு தடவை. அந்த வேகம் நின்னுட்டா 400-க்கு 2 நிமிஷம் 20 விநாடி. பத்து விநாடி கையிருப்பு. முழு 400-ஐயும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓடிப் பார்த்தா போதும். இப்படி 12 வாரம். அறிவிப்பு வந்த பிறகு, எழுத்துத் தேர்வு ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பிக்கிற கதை இல்ல இது.

நம்ம பசங்க என்ன பண்றாங்க? யூடியூப்ல யாரோ ராணுவத்துக்குப் போற பையன் போட்ட வீடியோவைப் பார்த்து, தார் ரோட்டுல தினம் 5 கிலோமீட்டர் ஓடுறாங்க. தினம்! ஒரு நாள் கூட விடாம. மூணாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போரமா வலி வருது. தைலம் தேய்ச்சுட்டு மறுநாளும் ஓடுறாங்க. ஐந்தாவது வாரம் நடக்கவே முடியலை.

இதுக்குக் காரணம் இருக்கு. ஓட ஆரம்பிச்சா மூச்சும் இதயமும் சில வாரத்துலயே பழகிடும். "அட, இப்ப மூச்சு வாங்கலையே"ன்னு தோணும். எலும்பும், எலும்போட தசையைக் கட்டுற நாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதுக்கு மாசக்கணக்கு ஆகும். மூச்சு "போ போ"ன்னு சொல்லும்போது எலும்பு இன்னும் தயாராகலை. மனசு போல ஓடுறவங்க மூச்சு சொல்றதைத்தான் கேட்பாங்க, எலும்பு வலிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது. நல்ல அட்டவணைன்னா அதுல முக்கியமான கட்டம் ஓடுற நாள் இல்ல, "ஓய்வு"ன்னு எழுதியிருக்கிற நாள்தான். ஓய்வு நாளே இல்லாத அட்டவணையை யாராவது வாட்ஸப்ல அனுப்பினா அழிச்சுடுங்க.

சும்மா ஓடியே பெரிய ஆளா வந்தவங்க இல்லையான்னு கேட்பீங்க. மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்துப் பொண்ணு ரேவதி வீரமணியை எடுத்துக்கோங்க. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. ரேவதியையும் தங்கச்சியையும் அம்மாவோட அம்மாதான் வளர்த்தாங்க, வயல் வேலைக்கும் செங்கல் சூளை வேலைக்கும் போய். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது போட்டியில வெறுங்காலோட ஓடிச்சு அந்தப் பொண்ணு. 2014-ல ஒரு மண்டலப் போட்டியில கண்ணன்ங்கிற பயிற்சியாளர் பார்த்தார். பாட்டி முதல்ல ஒத்துக்கலை. அவர் பேசிச் சம்மதிக்க வச்சார். மதுரை லேடி டோக் கல்லூரியில இடம், விளையாட்டு ஆணையத்தோட பயிற்சி. அதுக்கப்புறமும் 2016 வரைக்கும் வெறுங்கால்தான்.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது அடுத்த பகுதி. ரேவதி ஓடிக்கிட்டு இருந்தது 100, 200 மீட்டர். 2019-ல பாட்டியாலாவுல தேசிய முகாமுக்குப் போனப்ப, அங்கிருந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் கலினா புகரினா, "நீ 400 ஓடு"ன்னு மாத்தினாங்க. 400-தான் தனக்குன்னு தானா ஓடிக்கிட்டு இருக்கிற பொண்ணு கண்டுபிடிக்குமா? வெளியில நின்னு, கடிகாரத்தைப் பிடிச்சு, தினம் எழுதி வச்சுப் பார்க்கிற இன்னொரு கண்ணுக்குத்தான் அது தெரியும். 2021-ல ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்துல 53.55 விநாடி. டோக்கியோவுல 4 × 400 கலப்புத் தொடர் ஓட்டத்துல இந்தியாவுக்கு ஓடின நாலு பேர்ல மூணு பேர் தமிழ்நாடு: ரேவதி, திருச்சிப் பக்கத்து சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். இறுதிப் போட்டிக்குப் போகலை. அது வேற விஷயம்.

ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த வெறுங்கால் ஓட்டம் இல்லைன்னா கண்ணன் சார் பார்க்க என்ன இருந்திருக்கும்? எந்த அட்டவணையும் அந்தப் பொண்ணுக்கு ஓட்டத்து மேல ஆசையை ஊட்டலை. அது முன்னாடியே இருந்துச்சு. அதனால எட்டு வயசு, பத்து வயசுக் குழந்தைங்க கையில நோட்டும் கடிகாரமும் கொடுக்காதீங்க. ஓடிப்பிடிச்சு விளையாடட்டும், பாண்டி ஆடட்டும், ஏரிக்கரையில துரத்திக்கிட்டு ஓடட்டும். பதினஞ்சு வயசுக்கு முன்னாடியே வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சின்னு கட்டாயப்படுத்தி, பதினெட்டுல மைதானத்தையே வெறுத்துப்போன பிள்ளைங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

"சும்மா மனசு போல ஓடு"ன்னு சொல்றாங்களே, அது யாருக்குச் சொல்றது? விடியக்காலை நாலரைக்கு நம்ம ஊர் ரோட்டுல பாருங்க. பையனுங்க பனியனோட ஓடுறாங்க. யாரும் எதுவும் கேட்கிறதில்ல. ஒரு பொண்ணு தனியா ஓடினா, முதல்ல நாய். அடுத்தது பைக்கை மெதுவாக்கிட்டுப் போறவன். அதுக்கடுத்தது, "யாரு வீட்டுப் பொண்ணு, இந்த நேரத்துல எங்க ஓடுது?"ன்னு கேட்கிற நம்ம சொந்தக்காரங்க. பொம்பளை மனசு போல ஓடுறதுக்கு இந்த ஊர்ல இன்னும் ரோடே போடலை. அதனால பெண்களுக்கு "சுதந்திரமா ஓடுறதா, கட்டுப்பாட்டோட ஓடுறதா"ங்கிற கேள்வி, ஆம்பளைங்களுக்கு இருக்கிற மாதிரி இல்ல. அஞ்சு பேர் சேர்ந்து, ஒரு மைதானம், ஒரு நேரம்னு வகுத்துக்கிட்டாத்தான் நமக்கு ஓட்டமே கிடைக்கும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. 1928-ல ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல முதன்முதலா பெண்களுக்கு 800 மீட்டர் வச்சாங்க. ஓடி முடிச்சவங்க களைச்சுப் போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருசாக்கி, "பொம்பளை உடம்பு இதைத் தாங்காது"ன்னு சொல்லி, 1960 வரைக்கும் அந்த ஓட்டத்தையே எடுத்துட்டாங்க. மாரத்தான் ஓட 1984 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. மாரத்தான்னா 42 கிலோமீட்டர், திண்டிவனத்துலருந்து விழுப்புரம் போய் அதுக்கு மேலயும் கொஞ்ச தூரம். எங்க அம்மா ஒரு காலத்துல தலையில கூடையோட பாதி தூரம் நடந்தே போயிட்டு வருவாங்க, தாங்காதுன்னு யாரும் சொன்னதில்லை!

அட்டவணை எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு நான் அரிசிப் பானையைத்தான் காட்டுவேன். குழு வர்றதுக்கு முன்னாடியும் நாம சேமிச்சோம். அரிசிப் பானையில, முந்தானை முடிச்சுல, அஞ்சறைப் பெட்டியில. மனசு போல, கையில இருக்கும்போது போட்டோம். என்ன ஆச்சு? வீட்டுல யாருக்கோ ஒரு அவசரம்னா முதல்ல கை போனது அந்தப் பானைக்குத்தான். 1989-ல தருமபுரியில ஆரம்பிச்ச மகளிர் குழுத் திட்டம் அப்புறம் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தப்ப, வாரம் ஒரு நாள், இவ்வளவு தொகை, நோட்டுல கையெழுத்துன்னு சொன்னாங்க. "என் காசை நான் சேமிக்க எதுக்கு நோட்டு?"ன்னு அன்னைக்கும் கேட்டோம். நோட்டுல ஏறின காசை வீட்டுல கேட்க முடியலை. "அது குழுக் காசு"ன்னு சொல்ல முடிஞ்சுது.

நம்ம நேரமும் அந்தப் பானைக் காசு மாதிரிதான். "நேரம் கிடைச்சா நடப்பேன்"னு வச்ச நேரத்தை பால் கறக்க, பிள்ளையைக் கிளப்ப, மாமியாருக்கு வெந்நீர் வைக்கன்னு எடுத்துக்கிட்டே இருப்பாங்க. நாமளே எடுத்துக் கொடுப்போம். "செவ்வாய், வியாழன், சனி, அஞ்சே முக்கால், ஸ்கூல் மைதானம், மத்தவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க"ன்னா அந்த அரை மணி நேரத்தை யாரும் தொட மாட்டாங்க.

1996-ல அமெரிக்காவுல ஜாஷ் கிளார்க்னு ஒரு இளைஞர், ஐம்பது வயசைத் தாண்டின தன் அம்மாவை மனசுல வச்சு ஒரு ஓட்டத் திட்டம் எழுதினார். உட்கார்ந்தே இருக்கிறவங்களை 9 வாரத்துல அரை மணி நேரம் ஓட வைக்கிற திட்டம். இன்னைக்கு உலகம் பூரா அதை வச்சு லட்சக்கணக்கானவங்க ஓடுறாங்க. முதல் வாரம் என்னன்னு தெரியுமா? 60 விநாடி மெதுவா ஓடணும், 90 விநாடி நடக்கணும், இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள். அவ்வளவுதான். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினா நாமளும் செய்யலாம். சுடிதார் போட்டா இன்னும் நல்லது. இந்த வயசுல சுடிதாரான்னு கேட்கிறவங்களை என்கிட்ட அனுப்புங்க.

ஆனா அந்த 9 வாரத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. அது நம்ம வாழ்க்கையைப் பார்த்து எழுதினது இல்ல. நடவு, களை, கரும்பு வெட்டுன்னு நாள் முழுக்க வயல்ல நிக்கிறவங்களுக்கு ஓட்டமே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது தூக்கம். "நாங்கதான் நாள் பூரா ஓடிக்கிட்டு இருக்கோமே டீச்சர்"னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேன். தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கிறவங்க, கடை வச்சிருக்கிறவங்க, ஊதுபத்தி உருட்டுறவங்க, கணக்கு எழுதுறவங்க, உங்களுக்குத்தான் சொல்றேன். ஒன்பது வாரத்தை பதினெட்டு வாரமா ஆக்கிக்கோங்க. ஒரு வாரத்தை ரெண்டு தடவை செய்யுங்க. மாதவிலக்கு நாள்ல உடம்பு கேட்டா ஓடுங்க, கேட்கலைன்னா நடங்க. அதைத் தோல்வின்னு நோட்டுல எழுத வேண்டாம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்தம் பார்த்துடுங்க. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தா, எவ்வளவு நல்ல அட்டவணையா இருந்தாலும் மூச்சுதான் வாங்கும். "எனக்கு ஓட வரலை"ன்னு ஒரு பொண்ணு உட்கார்ந்துட்டா, முதல்ல இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுதான்னு கேளுங்க. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடாப் போய்ப் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தானே. அவங்ககிட்டயே சொல்லிப் பார்த்துக்கலாம்.

சரி, எப்பவும் நோட்டும் கடிகாரமும்தானா? இல்ல. ஸ்வீடன்ல கோஸ்டா ஹோல்மர்னு ஒரு பயிற்சியாளர், 1930-கள்ல ஒரு முறையைக் கொண்டு வந்தார். ஃபார்ட்லெக்னு பேரு. அவங்க மொழியில வேக விளையாட்டுன்னு அர்த்தம். காட்டுப் பாதையில ஓடும்போது, தோணுற இடத்துல வேகமா, தோணுற இடத்துல மெதுவா. சுற்று எண்ணிக்கை கிடையாது. பெரிய ஓட்டக்காரங்களே இதைச் செய்றாங்க. நமக்கு ஏரிக்கரை இருக்கு. மண் பாதை, காலுக்கும் நல்லது. இந்தப் பனையிலருந்து அந்தப் பனை வரைக்கும் வேகமா, அடுத்த ரெண்டு பனை மெதுவா, நடுவுல பேச்சு. போலீஸுக்குத் தயாராகிற பொண்ணுங்களுக்கும் வாரத்துல ஒரு நாள் இதைக் கொடுங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே ஓடுறதை அன்னைக்குத்தான் பார்ப்பீங்க. நமக்கு என்னைக் கேட்டா, முதல் நாலஞ்சு மாசம் நோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்க. உடம்பு பழகின பிறகு ரெண்டு நாள் நோட்டு, ஒரு நாள் பனைமரம்.

கடைசியா, தீர்மான நோட்டு இங்க திறந்துதான் இருக்கு, அதனால சொல்றேன். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் மூணு விஷயம் கேட்டு எழுதிக் கொடுக்கணும். காலை அஞ்சரையிலருந்து ஆறரை வரைக்கும் பள்ளி மைதானத்துக் கேட்டைத் திறந்து வைக்கணும். மைதானத்துல ஒரு விளக்கு எரியணும். கழிவறைச் சாவி யாராவது ஒரு பெண்கிட்ட இருக்கணும். முதல் ரெண்டும் கிடைச்சு மூணாவது இல்லைன்னா, ஒரு மாசத்துல பொண்ணுங்க வர்றது நின்னுடும். கிராமசபைக் கூட்டத்துல நாலு பேர் எழுந்து நின்னு கேட்டா போதும்.

போலீஸ் தேர்வுக்கான 12 வார அட்டவணையும், நமக்கான 18 வார அட்டவணையும் நானே கையால எழுதி நகல் எடுத்து வச்சிருக்கேன். வெளியில சாப்பாட்டுக் கூப்பன் கொடுக்கிற மேசையில இருக்கு. குழுவுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. மயிலம் பக்கத்துக் குழுக்கள் மட்டும் கொஞ்சம் இருங்க, உங்க ஊர் மைதானம் 200 மீட்டர் சுற்றுதான், அதுக்குத் தனியா எழுதிக் கொடுக்கணும்.